இங்கிலாந்தில் ஊர் மாறும்போது செகண்டரி பள்ளியைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

"வீட்டுக்கு டெபாசிட் கட்டியாச்சு. பக்கத்துல நல்ல செகண்டரி ஸ்கூல் எது?"

ஊர் மாறும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். கேட்டதும் மனது கனத்துப் போகும். இங்கே வீடு முடிவானால் பள்ளியும் பாதிக்கு மேல் முடிவாகிவிட்டது என்று பொருள். ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் எவ்வளவோ செய்திருக்கலாம்.

நாங்கள் ஊர் மாறியபோது மகள் இயர் 9, மகன் இயர் 6. இருவருக்கும் விண்ணப்பிக்கும் வழியே வேறு என்பதை இடையில்தான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு வார இறுதித் தமிழ் வகுப்பில் பழகிய பல குடும்பங்களோடு உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பியிருக்கிறேன். தடுக்கி விழும் இடங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை தெரியாமல் போவதுதான் காரணம்.

இங்கே சொல்வது இங்கிலாந்தின் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளுக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் விதிகள் வேறு. கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகள் தங்கள் சேர்க்கையைத் தாங்களே நடத்துகின்றன.

1. பிள்ளை எந்த இயர், எந்த வழி என்று முதலில் உறுதி செய்யுங்கள்

இயர் குரூப்பை நிர்ணயிப்பது பிறந்த தேதி. ஊரில் எட்டாம் வகுப்பு முடித்ததோ ஒன்பதாம் வகுப்பு முடித்ததோ இங்கே கணக்கில் வராது. செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் ஒரே இயர். 2014 ஆகஸ்ட் 30-இல் பிறந்த பிள்ளை 2025 செப்டம்பரில் இயர் 7-க்குப் போகும். மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 2-இல் பிறந்த பிள்ளை 2026-இல்தான் போகும். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேராக வருபவர்கள் இதைத் தவறாகக் கணக்கிட்டு, இடமே இல்லாத ஓர் இயருக்குப் பள்ளி பள்ளியாக விசாரிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வழி. செகண்டரியின் முதல் வகுப்பான இயர் 7-இல் புதிதாகச் சேர்வது வழக்கமான சேர்க்கை. பிள்ளை இயர் 6-இல் இருக்கும்போதே, அக்டோபர் 31-க்குள், நீங்கள் குடியிருக்கும் பகுதியின் உள்ளாட்சி நிர்வாகமான கவுன்சிலிடம் விண்ணப்பிக்க வேண்டும். மார்ச் 1 அன்று, அது விடுமுறை நாளானால் அடுத்த வேலை நாளில், பதில் வரும். இதைத் தவிர மற்ற எல்லாமே 'இன்-இயர்' சேர்க்கை: இயர் 7 தொடங்கிய பிறகு வருபவர்கள், இயர் 8, 9, 10, 11-க்கு வருபவர்கள். இதற்குக் கடைசித் தேதி கிடையாது. வருடத்தின் எந்த நாளிலும், எந்தப் பள்ளிக்கும் விண்ணப்பிக்கலாம்.

முதல் வழியில் கவுன்சில் எல்லாப் பள்ளிகளையும் ஒருங்கிணைத்து ஒரே பதில் தரும். இரண்டாவது வழியில் சில இடங்களில் கவுன்சிலுக்கும் சில இடங்களில் நேரே பள்ளிக்கும் விண்ணப்பம் போகும். எந்தப் பள்ளிக்கு எப்படி என்று கவுன்சில் தன் இணையப் பக்கத்தில் ஒவ்வோர் ஆண்டும் வெளியிட வேண்டும். அதைப் பார்க்காமல் தவறான இடத்தில் படிவம் கொடுத்து இரண்டு வாரம் காத்திருப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

அக்டோபர் 31-க்கும் மார்ச் 1-க்கும் நடுவில் ஊர் மாறுபவர்கள் தனிக் கவனம் எடுக்க வேண்டும். விண்ணப்பித்த பிறகு முகவரி மாறினால், குறிப்பிட்ட ஒரு தேதிக்குள் சான்று தந்தவர்களைப் பல கவுன்சில்கள் சரியான நேரத்தில் விண்ணப்பித்தவர்களாகவே எடுத்துக்கொள்ளும். அந்தத் தேதி கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். புதிய கவுன்சிலின் ஒருங்கிணைந்த சேர்க்கைத் திட்டத்தில் அது எழுதியிருக்கும். முதல் வேலையாக அந்தத் தேதியைத் தேடிக் காலண்டரில் குறியுங்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை. நார்தம்பர்லாந்து போன்ற சில இடங்களின் சில பகுதிகளில் இன்னும் மூன்று அடுக்கு முறை உண்டு. அங்கே இயர் 5 முதல் 8 வரை மிடில் ஸ்கூல், அதன் பிறகுதான் ஹை ஸ்கூல். அப்படிப்பட்ட ஊருக்குப் போகிறீர்கள் என்றால் மேலே சொன்ன கணக்கு மாறும்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

பிள்ளையின் பாஸ்போர்ட் அல்லது பிறப்புச் சான்றிதழ், கடைசி இரண்டு பள்ளி அறிக்கைகள், தடுப்பூசி விவரம், இப்போதைய முகவரிச் சான்று. இயர் 9-க்கு மேல் என்றால் எந்தெந்தப் பாடம், எந்தத் தேர்வு வாரியம், இதுவரை எந்தப் பகுதிகள் முடிந்தன என்பதை இப்போதைய பள்ளியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பிய பிறகு கேட்டால் கிடைக்க நாளாகும்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் விசாவை நினைத்துப் பயப்படுகிறார்கள். பெற்றோரின் வேலை விசாவில் டிபென்டன்டாக வரும் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கலாம். பிள்ளையின் நாட்டைக் காட்டியோ குடியேற்ற நிலையைக் காட்டியோ பள்ளி இடம் மறுக்கக் கூடாது. ஆனால் விசிட்டர் விசாவிலோ சைல்ட் ஸ்டூடன்ட் விசாவிலோ வந்தால் நிலைமை வேறு. உங்கள் விசாவின் நிபந்தனையைச் சரிபார்ப்பது உங்கள் பொறுப்பு.

பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் தேவைக்கான இஎச்சிபி திட்டம் இருந்தால் இந்த வழிகாட்டியின் விண்ணப்பப் பகுதி உங்களுக்குப் பொருந்தாது. அந்தத் திட்டம் பழைய கவுன்சிலிலிருந்து புதிய கவுன்சிலுக்கு மாற்றப்படும். பள்ளியின் பெயரை அந்தத் திட்டத்திலேயே எழுத வேண்டும். வீடு மாறும் தேதி தெரிந்த அன்றே இரண்டு கவுன்சில்களின் சிறப்புக் கல்விப் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். வீடு மாறிய பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்ட குடும்பங்களின் பிள்ளைகள்தான் வாரக்கணக்கில் வீட்டில் உட்கார நேர்ந்தது.

3. மதிப்பெண் பட்டியலுக்கு முன்னால் அட்மிஷன் பாலிசியைப் படியுங்கள்

எல்லோரும் தலைகீழாகச் செய்யும் படி இது. கூகுளில் தேடி, முதலில் வரும் பட்டியலிலிருந்து மூன்று பெயரை எடுத்து, அவற்றைச் சுற்றி வீடு தேடுகிறார்கள். அந்தப் பள்ளி யாரைச் சேர்க்கும் என்ற விதியைப் படிப்பதில்லை. உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கவே வாய்ப்பில்லாத பள்ளி எவ்வளவு நல்லதாக இருந்து என்ன பயன்?

ஒவ்வொரு பள்ளியும் இடத்தை விட அதிகமானோர் கேட்டால் யாருக்கு முன்னுரிமை என்று வரிசைப்படுத்தி வெளியிட்டிருக்கும். பெரும்பாலும் நான்கு பக்கம்தான். இஎச்சிபியில் பள்ளியின் பெயர் எழுதப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்தே ஆக வேண்டும். அடுத்து, கவுன்சிலின் பராமரிப்பில் இருக்கும் அல்லது முன்பு இருந்த பிள்ளைகள். இது வரை பொதுவானது. அதற்குப் பிறகுதான் பள்ளிக்குப் பள்ளி மாறும். உடன்பிறந்தவர் அங்கே படிப்பது, கேட்ச்மென்ட் எல்லைக்குள் (பள்ளிக்கென்று வரைபடத்தில் வகுத்த பகுதிக்குள்) வீடு இருப்பது, குறிப்பிட்ட தொடக்கப் பள்ளியிலிருந்து வருவது, மதம், தூரம் என்று வரிசை போகும்.

தூரம் என்றால் எந்தத் தூரம் என்று பாருங்கள். சில இடங்களில் நேர்கோட்டுத் தூரம், சில இடங்களில் நடக்கும் பாதையின் தூரம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பள்ளிக்கு எதிரே, படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் விளையாட்டு மைதானம் தெரியும் ஃபிளாட்டைப் பிடித்தது. பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை. கேட்ச்மென்ட் கோடு நடுத்தெருவில் ஓடியது, வீடு தவறான பக்கம் இருந்தது. மூன்று கிலோமீட்டர் தள்ளி, கோட்டுக்குள் இருந்த பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. வீடு தேடும் தளமான ரைட்மூவில் "பள்ளி 0.1 மைல்" என்று போட்டிருப்பது வெறும் தூரம்தான். கேட்ச்மென்ட் எல்லையை அது சொல்லாது. எல்லை வரைபடத்தைக் கவுன்சில் பக்கத்தில் மட்டும் பாருங்கள்.

தூரத்தை வைத்துச் சேர்க்கும் பள்ளிகளுக்கு, முந்தைய ஆண்டுகளில் கடைசியாக இடம் பெற்ற பிள்ளையின் வீடு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதைக் கவுன்சில்கள் வழக்கமாக வெளியிடுகின்றன. ஒரே ஆண்டை நம்பாதீர்கள், மூன்றாண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1.9, 1.6, 1.3 மைல் என்று சுருங்கிக்கொண்டே வந்தால் 1.2-இல் வீடு எடுப்பது ஆபத்து. சுற்றிலும் புது அடுக்குமாடிகள் எழும்பும் இடங்களில் இந்தச் சுருக்கத்தை நிறையப் பார்க்கலாம்.

மதம் சார்ந்த பள்ளிகளுக்குக் கவுன்சில் படிவத்தோடு இன்னொரு துணைப் படிவமும் உண்டு, அதைப் பள்ளிக்கே நேரடியாக அனுப்ப வேண்டும். கத்தோலிக்கப் பள்ளிகள் ஞானஸ்நானச் சான்றிதழையும், பல இடங்களில் பங்குத்தந்தை கையெழுத்திட்ட தாளையும் கேட்கும். ஊர் மாறினால் புதிய பங்குத்தந்தைக்கு உங்களைத் தெரியாது, ஆகவே கிளம்பும் முன் பழைய பங்கிலேயே கடிதம் வாங்கிவிடுங்கள். துணைப் படிவம் போகாவிட்டால், எவ்வளவு பக்தியான குடும்பமானாலும் உங்கள் பெயர் கடைசி வரிசைக்குத் தள்ளப்படும்.

கிராமர் பள்ளிகள். நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் இந்த அரசுப் பள்ளிகள் இங்கிலாந்து முழுவதும் 163 தான். கென்ட், பக்கிங்ஹம்ஷயர், லிங்கன்ஷயர் போன்ற இடங்களில் நெருக்கமாகவும், வேறு பல இடங்களில் ஒன்றுகூட இல்லாமலும் இருக்கின்றன. 'லெவன் பிளஸ்' என்ற அந்தத் தேர்வு வழக்கமாக இயர் 6 தொடங்கும் செப்டம்பரிலேயே நடந்துவிடும், அதற்கான பதிவு அதற்கு முந்தைய கோடையிலேயே முடிந்துவிடும். அக்டோபரில் ஊர் மாறி, "இங்கே லெவன் பிளஸ் எப்போது?" என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வருத்தமாக இருக்கும். பெரிய வகுப்புகளில் இடம் காலியானால் சில கிராமர் பள்ளிகள் தனித் தேர்வு வைத்துச் சேர்க்கும், அந்தப் பள்ளியிடம் நேரடியாகக் கேளுங்கள்.

4. இன்-இயர் என்றால்: இடம் இருக்கிறதா என்று கேளுங்கள், ஆனால் அந்தப் பதிலோடு நின்றுவிடாதீர்கள்

எந்தப் பள்ளியில் எந்த இயரில் இடம் இருக்கிறது என்ற விவரத்தைப் பெற்றோர் கேட்டால் கவுன்சில் தர வேண்டும். அட்மிஷன் பிரிவுக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் போதும்: பிள்ளையின் பிறந்த தேதி, இயர், வரப்போகும் போஸ்ட்கோடு, வரும் மாதம். போனில் கேட்பதை விட எழுத்தில் கேட்பது நல்லது. பதில் எழுத்தில் இருந்தால் பிறகு உதவும்.

கவுன்சிலைக் கேட்கும் முன்பே ஓரளவு ஊகிக்க ஒரு வழி இருக்கிறது. 'கெட் இன்ஃபர்மேஷன் அபௌட் ஸ்கூல்ஸ்' என்ற அரசு இணையதளத்தில் ஒவ்வொரு பள்ளியின் கொள்ளளவும் இப்போது படிக்கும் மாணவர் எண்ணிக்கையும் இருக்கும். 1200 பேர் கொள்ளும் பள்ளியில் 1050 பேர் என்றால் எங்கோ சில இயர்களில் இடம் இருக்க வாய்ப்புண்டு.

நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். மகளுக்காக ஒரு பள்ளிக்குப் போன் செய்தேன். "இயர் 9 ஃபுல்" என்றார்கள். நம்பி வைத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து, பேருந்து நிறுத்தத்தில் பேச்சுக் கொடுத்த ஓர் அம்மா கேட்டார்: "அப்ளை பண்ணீங்களா?" இல்லை. போனில் சொன்னது மறுப்பு ஆகாது என்பதே எனக்குத் தெரியாது. விண்ணப்பித்தால்தான் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால்தான் காரணமும் அப்பீல் உரிமையும் எழுத்தில் வரும். விண்ணப்பித்தால்தான் வெயிட்டிங் லிஸ்டில் பெயர் ஏறும். அன்றிரவே விண்ணப்பித்தேன். மறுப்புக் கடிதம் வந்தது, லிஸ்டில் மகள் இரண்டாவது. அந்த டேர்ம் முடிவதற்குள் இரண்டு பிள்ளைகள் ஊர் மாறிப் போக, இடம் கிடைத்தது. தொலைந்த மூன்று வாரத்தை இன்றும் நினைப்பேன்.

விண்ணப்பம் பெற்ற பிறகு 10 பள்ளி நாட்களுக்குள் பதில் சொல்ல முயல வேண்டும், 15-ஐத் தாண்டக் கூடாது என்பது 2021-இல் வந்த சேர்க்கை விதித்தொகுப்பு. பள்ளி நாள் என்பதில் விடுமுறை சேராது. ஜூலை நடுவில் விண்ணப்பித்துவிட்டு ஆகஸ்டில் பதில் வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

5. ஆஃப்ஸ்டெட் அறிக்கையையும் தேர்வு முடிவையும் படிக்கும் முறை

இப்போதுதான் பள்ளியின் தரத்துக்கு வர வேண்டும், இதற்கு முன்பு அல்ல. கிடைக்க வாய்ப்புள்ள நான்கைந்து பள்ளிகள் இப்போது உங்கள் கையில் இருக்கும், ஒப்பிடுவது அவற்றை மட்டும்தான்.

"அது அவுட்ஸ்டாண்டிங் ஸ்கூல்" என்ற பேச்சு நம்மவர்களிடம் இன்னும் ஓயவில்லை. பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட், ஒட்டுமொத்தமாக ஒரே சொல்லில் தரம் தருவதை 2024 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. 2025 நவம்பரிலிருந்து புதிய ரிப்போர்ட் கார்டு வருகிறது. எல்லாப் பிள்ளைகளையும் அரவணைப்பது (இன்க்ளூஷன்), பாடத்திட்டமும் கற்பித்தலும், வருகையும் நடத்தையும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பீடு. அர்ஜென்ட் இம்ப்ரூவ்மென்ட், நீட்ஸ் அட்டென்ஷன், எக்ஸ்பெக்டட் ஸ்டாண்டர்ட், ஸ்ட்ராங் ஸ்டாண்டர்ட், எக்ஸெப்ஷனல் என ஐந்து படிகள். பிள்ளைகளின் பாதுகாப்பு மட்டும் நிறைவேறியது, நிறைவேறவில்லை என்று இரண்டே நிலை. பழைய முறை அறிக்கையும் புதிய முறை அறிக்கையும் கலந்துதான் இப்போது கிடைக்கும். ஆகவே முதலில் தேதியைப் பாருங்கள். தலைமையாசிரியர் மாறிவிட்ட பள்ளியின் ஆறு வருடப் பழைய அறிக்கை இன்றைய பள்ளியைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு.

இயர் 11 முடிவில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத் தேர்வின் முடிவுகளுக்கு அரசின் ஒப்பீட்டுத் தளத்தைப் பாருங்கள். அட்டெய்ன்மென்ட் 8 என்பது பிள்ளைகள் எடுத்த மதிப்பெண். புராக்ரஸ் 8 என்பது உள்ளே வந்த நிலையிலிருந்து எவ்வளவு முன்னேறினார்கள் என்பது. சுழியம் என்றால் நாட்டுச் சராசரி, அதற்கு மேல் என்றால் பள்ளி தன் பங்கைக் கூடுதலாகச் செய்திருக்கிறது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் முக்கியம். வசதியான, முன்பே நன்றாகப் படித்த பிள்ளைகளைப் பெற்ற பள்ளிக்கு முதல் எண் தானாகவே உயரும்.

ஆனால் 2025, 2026 தேர்வுகளுக்கு புராக்ரஸ் 8 கிடையாது. அந்தப் பிள்ளைகள் இயர் 6-இல் எழுத வேண்டிய தேர்வுகள் கோவிட் காரணமாக 2020-இலும் 2021-இலும் நடக்கவில்லை, ஒப்பிடத் தொடக்கப் புள்ளியே இல்லை. 2024 முடிவையும் அதற்கு முந்தைய ஆண்டையும் பாருங்கள். அவற்றோடு ஆங்கிலம், கணிதம் இரண்டிலும் கிரேடு 5 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்கள் எத்தனை சதவீதம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

6. இயர் 10, 11-இல் மாறுகிறீர்களா? பள்ளியின் பெயரை விட பாடங்கள் முக்கியம்

இந்தப் படியில் சறுக்கினால் திருத்தவே முடியாது. அதனால்தான் விரிவாகச் சொல்கிறேன்.

ஜிசிஎஸ்இ பாடங்களை இயர் 9-இல் தேர்ந்தெடுத்து, இயர் 10, 11 இரண்டு வருடம் படிக்கிறார்கள். சில பள்ளிகள் இன்னும் முன்பே தொடங்கிவிடும். ஏக்யூஏ, எடெக்ஸெல், ஓசிஆர், எடுகாஸ் என்று தேர்வு வாரியங்கள் பல. ஒரே பாடத்துக்கு ஒரு பள்ளி ஒரு வாரியம், அடுத்த பள்ளி இன்னொன்று. கணிதத்தில் இது பெரிய தொந்தரவு இல்லை. வரலாற்றில் காலகட்டமே மாறிவிடும். ஆங்கில இலக்கியத்தில் நாடகம், நாவல், கவிதைத் தொகுப்பு எல்லாமே மாறலாம். அந்தத் தேர்வில் புத்தகத்தைப் பார்த்து எழுத அனுமதி கிடையாது, மேற்கோள்கள் மனதில் இருக்க வேண்டும். ஒரு வருடம் மனதில் ஏற்றியதை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவது அந்த வயதில் பெரும் சுமை.

செய்முறை வேலையுள்ள பாடங்கள் இன்னும் கடினம். டிசைன் அண்ட் டெக்னாலஜியில் பாதி மதிப்பெண் பள்ளியில் செய்யும் புராஜெக்டுக்கு. ஆர்ட் பாடத்தில் 60 சதவீதம் போர்ட்ஃபோலியோவுக்கு. வரைந்த ஒவ்வொரு தாளும், ஓவியப் புத்தகமும், புகைப்படமும் பிள்ளையோடு வர வேண்டும். பழைய பள்ளியின் அலமாரியில் அவை தங்கிவிட்டால் அந்த மதிப்பெண்ணும் தங்கிவிடும்.

ஆகவே கையில் ஒரு தாளை எடுத்து மூன்று பத்திகள் போடுங்கள்: பிள்ளையின் பாடம், இப்போதைய வாரியம், புதிய பள்ளியின் வாரியம். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு தாள். அதிகப் பொருத்தம் எங்கே இருக்கிறதோ அதுவே உங்கள் முதல் பள்ளி, பெயர் எதுவானாலும் சரி.

கணிதத்தில் ஃபவுண்டேஷன், ஹையர் என்று இரண்டு நிலைகள். ஃபவுண்டேஷனில் எழுதினால் கிரேடு 5-க்கு மேல் கிடைக்காது. புதிதாக வரும் பிள்ளை ஆங்கிலத்தில் தயங்கினால் கணிதத்திலும் கீழ் செட்டில் (திறன் வாரியாகப் பிரிக்கும் குழுவில்) போட்டுவிடுவது நடக்கிறது. இயர் 12, 13-இல் படிக்கும் ஏ லெவல் கணிதத்துக்குப் பல பள்ளிகள் 6 அல்லது 7 கேட்கும். எந்த செட், எந்த அடிப்படையில், எப்போது மறுபடி பார்ப்பார்கள் என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். கேட்கத் தயங்கிய பெற்றோரின் பிள்ளைகள் ஒரு வருடம் அங்கேயே இருந்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

இயர் 11 நடுவில் மாறுவதை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். அப்பாவோ அம்மாவோ முதலில் போய், மற்றவர்கள் ஜூனில் தேர்வு முடிந்து போகலாம். சிக்ஸ்த் ஃபார்முக்கு (இயர் 12, 13) புதிய ஊரில் எல்லோரையும் போல விண்ணப்பிக்கலாம், அது இயல்பான மாற்றம்.

7. நேரில் போய்ப் பாருங்கள், சாதாரண வேலை நாளில்

ஓப்பன் ஈவ்னிங் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் நடக்கும். போங்கள். ஆனால் அன்று பள்ளி விருந்துக்கு அலங்கரித்த வீடு மாதிரி இருக்கும். வேலை நாளில், பாடவேளை மாறும் நேரத்தில் சுற்றிக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். மணி அடித்ததும் ஆயிரம் பிள்ளைகள் வராந்தாவில் இறங்கும் அந்த ஐந்து நிமிடம் நிறையச் சொல்லிவிடும். ஆசிரியர்கள் வாசலில் நிற்கிறார்களா, பிள்ளைகள் வழி விடுகிறார்களா, ஓரமாகத் தனியாக ஒதுங்கிப் போகும் பிள்ளையை யாராவது கவனிக்கிறார்களா?

கேட்க வேண்டியவை சிலதான். நடு வருடத்தில் வந்த கடைசிப் பிள்ளையை எப்படிச் சேர்த்துக்கொண்டீர்கள்? ஆங்கிலம் இரண்டாம் மொழியான பிள்ளைக்கு என்ன உதவி? கணிதம், அறிவியல் ஆசிரியர்கள் நிரந்தரமானவர்களா, சப்ளை ஆசிரியர்களா? கடைசிக் கேள்விக்குப் பதில் தடுமாறினால் குறித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். சேர்க்கைக்காக நேர்காணல் வைக்கப் பள்ளிக்கு அனுமதி கிடையாது, தங்கிப் படிக்கும் பள்ளிகள் மட்டும் விதிவிலக்கு. ஆகவே பிள்ளை அங்கே எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. திரும்பும் வழியில் நீங்கள் பேசாமல் இருங்கள், பிள்ளை பேசட்டும். என் மகள் ஒரு பள்ளியைப் பார்த்துவிட்டு வந்து சொன்னது ஒரே வரி: "லைப்ரரில நிறைய பேர் இருந்தாங்கப்பா." அந்த வருடம் அவளுக்கு வேண்டியிருந்தது அதுதான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

8. இப்போது வீடு

வாடகைக்குப் பார்த்த வீட்டின் போஸ்ட்கோடைக் கவுன்சிலின் தூரக் கணக்கில் போட்டுப் பாருங்கள். பிறகு ஒரு வேலை நாளில், காலை ஏழே முக்காலுக்கு அந்த வீட்டுக்குப் பக்கத்துப் பஸ் நிறுத்தத்தில் நில்லுங்கள். நான் நின்றபோது கண்ணாடியில் முகம் ஒட்டிய பிள்ளைகளோடு இரண்டு பஸ்கள் நிற்காமலே போயின. கால அட்டவணையில் பன்னிரண்டு நிமிடம் என்றிருந்த பயணம் அது. அந்த வீட்டை விட்டுவிட்டோம்.

பயணச் செலவையும் கணக்கில் எடுங்கள். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு, வீட்டுக்கு அருகில் உள்ள பொருத்தமான பள்ளி மூன்று மைலுக்கு மேல் இருந்தால் கவுன்சில் இலவசப் போக்குவரத்து தர வேண்டும். நீங்கள் விரும்பித் தேர்ந்த தூரப் பள்ளிக்கு இது பொருந்தாது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கூடுதல் சலுகை உண்டு. லண்டனில் 11 முதல் 15 வயது வரை ஜிப் ஆய்ஸ்டர் அட்டை இருந்தால் பஸ் இலவசம்.

முகவரிச் சான்றாகக் கையெழுத்தான டெனன்சி அக்ரிமென்ட், கவுன்சில் டாக்ஸ் பில், வீடு வாங்கினால் கான்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச் ஆனதற்கான வக்கீல் கடிதம் கேட்பார்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் நாட்டுக்குள் வந்த பிறகுதான் பல கவுன்சில்கள் விண்ணப்பத்தைக் கையில் எடுக்கும். உறவினர் வீட்டு முகவரியைக் கொடுப்பது, பள்ளிக்காகச் சில மாதம் மட்டும் வாடகைக்கு எடுப்பது இரண்டும் வேண்டாம். கண்டுபிடித்தால் கொடுத்த இடத்தையே திரும்பப் பெற முடியும், அந்த அவமானம் பிள்ளையின் தலையில் விழும்.

9. விருப்ப வரிசையை நிரப்புதல்

இயர் 7-க்குக் குறைந்தது மூன்று பள்ளிகளைக் குறிப்பிட இடம் இருக்கும், லண்டனில் ஆறு. நீங்கள் எந்த வரிசையில் போட்டீர்கள் என்று பள்ளிகளுக்குத் தெரியாது. ஒவ்வொரு பள்ளியும் தன் விதிப்படி மட்டும் பார்க்கும். ஒன்றுக்கு மேல் கிடைத்தால் உங்கள் வரிசையில் மேலே இருப்பதைக் கவுன்சில் தரும்.

ஆகவே உண்மையான விருப்பப்படியே வரிசைப்படுத்துங்கள். "முதலில் போட்டால்தான் சேர்ப்பார்கள்" என்பது தவறான நம்பிக்கை. அதை விடப் பெரிய தவறு, ஒரே பள்ளியைப் போட்டு மற்றதைக் காலியாக விடுவது. அப்படிச் செய்தால் வாய்ப்பு கூடாது. அந்தப் பள்ளி கிடைக்காவிட்டால், மற்றவர்கள் எல்லோருக்கும் கொடுத்த பிறகு மீதம் இருக்கும் பள்ளிதான் உங்களுக்கு. கிடைப்பது கிட்டத்தட்ட உறுதியான ஒரு பள்ளியைக் கடைசியில் கட்டாயம் போடுங்கள்.

10. பதில் வந்த பிறகு

பிடிக்காத பள்ளி கிடைத்தாலும் முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொண்டால் வெயிட்டிங் லிஸ்டும் அப்பீலும் போய்விடும் என்று பயந்து மறுத்து, கையில் ஒன்றுமே இல்லாமல் நின்றவர்கள் உண்டு. இரண்டும் போகாது.

வெயிட்டிங் லிஸ்டில் முதலில் வந்தவருக்கு முதலிடம் இல்லை. புதிதாக ஒரு பெயர் ஏறும் ஒவ்வொரு முறையும் பாலிசி வரிசைப்படி எல்லோரையும் மறுபடி அடுக்குவார்கள். பள்ளிக்கு மிக அருகில் யாராவது குடிவந்தால் மூன்றாவதாக இருந்த நீங்கள் நான்காவது ஆகலாம். சேர்க்கை இயரில் டிசம்பர் 31 வரையாவது லிஸ்டை வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பெயரைப் புதுப்பிக்க வேண்டுமா என்று கேட்டு வையுங்கள்.

அப்பீலை விசாரிப்பது பள்ளியோ கவுன்சிலோ அல்ல, தனிக் குழு. இன்-இயர் மறுப்பு என்றால் அப்பீல் கொடுத்த 30 பள்ளி நாட்களுக்குள் விசாரிக்க வேண்டும். விதி சரியாகப் பின்பற்றப்பட்டதா, இன்னொரு பிள்ளையைச் சேர்த்தால் பள்ளிக்குப் பாதிப்பா என்பதை முதலில் பார்ப்பார்கள். பிறகு அந்தப் பாதிப்பை உங்கள் பிள்ளையின் தேவையோடு எடை போடுவார்கள். நம்மவர்கள் அங்கே போய்க் கிடைத்த பள்ளி எவ்வளவு மோசம் என்று பேசுகிறார்கள். அதற்கு எடை குறைவு. இந்தப் பள்ளியில் மட்டும் என் பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்பதைப் பேசுங்கள். அவள் ஒரு வருடம் படித்த பாடம் அதே வாரியத்தில் இங்கே மட்டும் உண்டு என்றால் 6-ஆம் படியில் போட்ட தாளே உங்கள் சான்று.

11. பழைய பள்ளியில் பெயரை எடுப்பது கடைசியாக

புதிய பள்ளி சேரும் தேதியை எழுத்தில் தந்த பிறகுதான் பழைய பள்ளிக்கு விலகல் கடிதம். வீடு மாறும் வாரத்தின் பரபரப்பில் முன்கூட்டியே கொடுத்துவிட்டு, எந்தப் பள்ளியிலும் பெயர் இல்லாமல் ஆறு வாரம் இருந்த ஒரு பையனைத் தெரியும். பயணம் செய்ய முடிகிற தூரம் என்றால் சில வாரம் பழைய பள்ளிக்கே போய் வரட்டும்.

எல்லா இடத்திலும் மறுப்பு வந்து பிள்ளை வீட்டில் இருந்தால், ஃபேர் ஆக்சஸ் புரோட்டோகால் என்ற ஏற்பாட்டின் கீழ் பார்க்கும்படி கவுன்சிலிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இடம் கண்டுபிடிக்க ஒவ்வொரு கவுன்சிலிலும் அது இருந்தாக வேண்டும்.

சேரும் நாளுக்கு முன், பாடங்களின் தாளையும் கடைசி அறிக்கையையும் இயர் தலைவருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். பழைய பள்ளியிலிருந்து கோப்பு வந்து சேர நாளாகும். மதிய இடைவேளையில் கூட இருக்க ஒரு பிள்ளையை ஏற்பாடு செய்ய முடியுமா என்றும் அதிலேயே ஒரு வரி எழுதுங்கள். முதல் நாள் சாப்பாட்டு வரிசையில் தனியாக நிற்பதைத்தான் என் மகள் எல்லாவற்றையும் விட அதிகமாகப் பயந்தாள்.